கெளுத்திக்கு உண்மையான பெயர் என்ன?



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, எந்த அரசனைப் பற்றி எழுதலாம், எந்தப் போரைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், ஒரு மைலோ டின்னுக்குள் கிடந்த மீனைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அரசர்களுக்கு வரலாறு உண்டென்றால் கெளுத்திக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை முடிவில் பார்ப்பீர்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அறிவியல் பாடம். ஒரு பையன் தாமதமாக வந்தான். கையில் பழைய மைலோ டின், அதன் மேலே ஒரு வாழை இலைத் துண்டு. "என்னடா அது?" என்று கேட்டேன். "கெளுத்தி சார். ராத்திரி மழையில அல்லூர் நெறைஞ்சு போச்சு. அப்பா புடிச்சாரு" என்றான். வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. கறுப்பாக, மீசையோடு, முழங்கை நீளத்துக்கு நெளிந்து கொண்டிருந்தது.

அதன் பிறகு அவன் கேட்டான்: "சார், இதுக்கு உண்மையான பேரு என்ன?"

"கெளுத்திதான். மலாயில் இக்கான் கெலி" என்றேன்.

"அது எங்கப்பா சொல்ற பேரு சார். புத்தகத்துல போட்டிருக்கிற உண்மையான பேரு?"

பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்து விட்டேன். ஆனால் பதில் தெரியாததை விட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அப்பா சொல்வது உண்மையான பெயர் இல்லை, புத்தகத்தில் இருப்பதுதான் உண்மையான பெயர் என்று பத்து, பதினோரு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தானோ?

அன்று மாலை முதல் விடுமுறை கிடைத்த போதெல்லாம் நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு சொல்லில் ஒரு பெயர்

உலகில் கெளுத்தி வகைகள் மட்டும் 3,000-க்கு மேல் இருக்கின்றன. ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர். வங்காளத்தான் ஒன்று சொல்வான், மலாய்க்காரர் ஒன்று சொல்வார், சீனர் வேறொன்று சொல்வார். எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்று எல்லோருக்கும் விளங்க வேண்டுமே! அதற்காக ஐரோப்பியப் பண்டிதர்கள் லத்தீன் மொழியில் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்கள் அனுமார் வால் போல் நீண்டன. ஒரு மீனுக்கு ஒரு முழு வாக்கியமே பெயராக இருந்தது.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் (1707-1778) இதற்கு வழி கண்டார். எந்த உயிருக்கும் இரண்டே சொல்லில் பெயர் என்றார். முதல் சொல் இனத்தின் பெயர். இரண்டாவது சொல் அந்த வகைக்கு மட்டும் உரிய பெயர். விலங்குகள் அனைத்துக்கும் இவ்வாறு பெயரிட்டு 1758-ல் அவர் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பையே விலங்கியலார் இன்றும் தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

நம் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெண் கல்யாணமாகிப் போனால் முன்னெழுத்து மாறலாம். அவள் பெயர் மாறாது. மீனுக்கும் அப்படியே. ஆராய்ச்சி செய்து 'இது இந்த இனம் அல்ல, அந்த இனம்' என்று முடிவானால் முதல் சொல் மாறும். இரண்டாம் சொல் கூடவே போகும். லின்னேயஸ் 1758-ல் ஒரு கெளுத்திக்கு சிலூரஸ் பத்ராக்கஸ் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைக் கிளாரியாஸ் என்ற இனத்தில் சேர்த்தார்கள். ஆகவே அது கிளாரியாஸ் பத்ராக்கஸ் ஆயிற்று.

இன்னொரு விதியும் உண்டு. முதன் முதலில் முறைப்படி அச்சில் வந்த பெயருக்கே முதலுரிமை. அது பொருத்தமில்லாத பெயராக இருந்தாலும், பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் மாற்ற முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. நான் பிறந்தபோது என் தகப்பனார் பால்வெட்டு முடித்து, சைக்கிள் மிதித்துப் போய், என் பெயரைப் பதியச் சொன்னார். அங்கிருந்தவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி விட்டார். அப்பாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்து விட்டார். பள்ளிச் சான்றிதழ், அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் இன்று வரை அந்தக் குறைப் பெயரே என் பெயர். இதைப் படிக்கும் பல வீடுகளில் இதே கதை இருக்கும். முதலில் எழுதியவன் கை எவ்வளவு வலிமையானது என்று பாருங்கள்!

உருவம் பார்த்து வைத்த பெயர்கள்

சரி, இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள்? பெரும்பாலானவை நாம் லயத்தில் பட்டப்பெயர் வைப்பது போலத்தான்! நெட்டையன், மூக்கன், மீசைக்காரன் என்று நாம் தமிழில் வைக்கிறோம். அவர்கள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வைத்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

கிளாரியாஸ் என்பது 'சுறுசுறுப்பானது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் நெடுநேரம் சாகாமல் துள்ளும் மீன் அல்லவா? பத்ராக்கஸ் என்றால் தவளை. மழை இரவில் ஓர் அல்லூரிலிருந்து இன்னோர் அல்லூருக்குப் புல்லில் நெளிந்து போகும் கெளுத்தியைப் பார்த்த நமக்கு, அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது. மலாயில் கெலி பூங்கா எனப்படும் வகைக்குக் கிளாரியாஸ் மேக்ரோசெஃபாலஸ் என்று பெயர். அதாவது பெருந்தலையன்.

மிஸ்டஸ் என்ற இனப்பெயர் மீசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆற்றில் பிடிபடும் பாவுங் மீனை நீண்ட காலமாக ஹெமிபாக்ரஸ் நெமூரஸ் என்று எழுதி வந்தார்கள். நெமூரஸ் என்றால் நூல் வால். வாலின் மேல் நுனியில் நூல் போல் ஓர் இழை நீண்டிருக்கும். அடுத்த முறை பாசாரில் பார்த்தால் கவனியுங்கள். பகாங் ஆற்றின் பேர்போன பாத்தின் புவா என்ற மீனுக்குப் பங்காசியஸ் நசூட்டஸ் என்று பெயர். நசூட்டஸ் என்றால் பெருமூக்கன். தெமர்லோவில் விலை கேட்டு மயங்கி நிற்கிறோமே, அந்த மீனைத்தான் பண்டிதர்கள் மூக்கன் என்று கேலி செய்திருக்கிறார்கள்!

தமிழ்நாட்டுக் குளங்களில் தேளி என்றொரு மீன் உண்டு. முள் குத்தினால் தேள் கொட்டியது போல் கடுக்கும். அதன் பெயர் ஹெட்டரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ். முதல் சொல்லுக்கு 'வேறு விதமாக மூச்சு விடுவது' என்று பொருள். செவுள் இருந்தும், உடலுக்குள் நீண்ட காற்றுப் பை வைத்துக் கொண்டு மேலே வந்து காற்றையும் உறிஞ்சும் மீன் அது. ஃபாசிலிஸ் என்றால் தோண்டி எடுக்கப்பட்டது. சேற்று மீனுக்கு ஏற்ற பெயர்.

இந்தத் தேளிக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த மார்க்கஸ் எலியேசர் பிளோக் (1723-1799) என்ற யூத மருத்துவர். மாணவர்களே, இவரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 19 வயது வரை ஜெர்மன் மொழியே சரியாகப் படிக்கத் தெரியாது, லத்தீனும் தெரியாது. அதன் பிறகு படித்து, மருத்துவராகி, 50 வயதைத் தாண்டிய பிறகே மீன் ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கினார். 12 தொகுதிகள், 432 வண்ணப் படங்கள் கொண்ட பெரும் நூலை எழுதி முடித்தார். நாலு மாதம் பின்தங்கி விட்டோமே என்று சோர்ந்து போகும் பிள்ளைகள் இவரை நினைத்துக் கொள்ள வேண்டும்.

பெர்லினில் இருந்த பிளோக்குக்குத் தேளி எப்படிக் கிடைத்தது? நம் தமிழ் மண்ணிலிருந்தே போயிற்று. தரங்கம்பாடியில் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தியவர். அவர் அங்குள்ள மீன்களைச் சேகரித்துக் கப்பலில் பிளோக்குக்கு அனுப்பி வந்தார். தரங்கம்பாடித் தேளி 1794-ல் ஃபாசிலிஸ் ஆயிற்று. அதே ஆண்டு தரங்கம்பாடியின் வரிக் கெளுத்தியும் விட்டாட்டஸ் ஆயிற்று. விட்டாட்டஸ் என்றால் பட்டைக் கோடு போட்டது.

மக்கள் வாயிலிருந்து வந்த பெயர்கள்

இனி நான் சொல்லப் போவதுதான், அந்தப் பையனின் கேள்விக்கு உண்மையான விடை.

பிரான்சிஸ் புக்கானன் (1762-1829) என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியா வந்தார். பின்னாளில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக் கொண்டவர். 1807 முதல் 1814 வரை வங்காளம் முழுவதும் அலைந்து கணக்கெடுத்தார். கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் செய்த காரியம் வியப்பானது. கிரேக்க அகராதியைப் புரட்டிக் கொண்டிருக்காமல், வங்காளத்து மக்கள் அந்த மீன்களை எப்படி அழைத்தார்களோ அதையே பல மீன்களுக்கு அறிவியல் பெயராக வைத்து விட்டார்!

வங்காளியர் மாகுர் என்று சொல்லும் கெளுத்திக்கு மாகுர் என்றே பெயர். பங்காஸ் என்று சொல்லும் மீனுக்குப் பங்காசியஸ். கானி மாகுர் என்று சொல்லும் கடல் கெளுத்திக்குக் கேனியஸ். இந்தக் கேனியஸ் வேறெதுவும் அல்ல, நம் கடலோரங்களில் கிடைக்கும் செம்பிலாங் மீன்தான். பின்னால் வந்தவர்கள் பங்காசியஸ் என்ற சொல்லையே ஓர் இனம் முழுவதற்கும் பெயராக்கினார்கள். ஆகையால் பகாங் ஆற்றுப் பாத்தினின் பெயரிலும், பெருமூக்கன் என்ற லத்தீன் சொல்லுக்கு முன்னால், ஒரு வங்காள மீனவனின் சொல் நிற்கிறது.

தென்னிந்தியாவுக்கு வருவோம். வாளை மீனை நம் பெரியவர்களுக்குத் தெரியும். கூர்மையான பல், அகன்ற வாய், ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும். இதுவும் கெளுத்தி வகையே. இதன் பெயர் வல்லாகோ அட்டு. வல்லாகோ என்பது விசாகப்பட்டினத்துப் பக்கம் தெலுங்கு மக்கள் சொன்ன பெயர். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் அந்தக் கரையின் மீன்களைப் பற்றி 1803-ல் வெளியிட்ட நூலில் இப்பெயரைக் காது கேட்டபடி எழுதி வைத்தார். சரி, அட்டு என்றால்? பிளோக் இறந்த பிறகு அவர் எழுதி வைத்திருந்ததை ஷ்னைடர் என்ற அறிஞர் 1801-ல் முடித்து வெளியிட்டார். அதில் மலபார் தேசத்து மீனாக இந்த 'அட்டு' வருகிறது. மலையாளத்தில் இன்றும் இம்மீனுக்கு ஆற்றுவாளை என்றே பெயர். அந்த 'ஆற்று' தான் அட்டு ஆயிற்று என்று மீன் பெயர்களை ஆராய்ந்தவர்கள் கொள்கிறார்கள். நாமும் பேச்சில் 'ஆத்து மீன்' என்றுதானே சொல்கிறோம்? மலையாளமானாலும் தமிழானாலும் 'ஆறு' என்ற சொல் ஒன்றே. யாரோ ஒரு மீனவர் வலையை உதறிக் கொண்டே சொன்ன சொல், இன்று உலகத்து அறிவியல் நூல்களில் எல்லாம் நிற்கிறது!

இன்னும் ஓர் உதாரணம். இன்று நம் நாட்டில் குளம் வெட்டி வளர்க்கிறார்களே, பெரிய கெலி, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் பெயர் கிளாரியாஸ் காரிபினஸ். தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்த வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் 1822-ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். அந்நாட்டின் பெரிய ஆற்றுக்கு அங்குள்ள கொய் மக்கள் காரீப் என்று பெயர் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு ஆறு என்றே பொருள். 1779-ல் டச்சுப் படை அதிகாரி ஒருவர், தம் நாட்டு அரச குலத்தைப் பெருமைப்படுத்த அந்த ஆற்றுக்கு ஆரஞ்சு நதி என்று பெயர் சூட்டினார். தேசப்படத்தில் அந்தப் பெயரே ஏறியது. ஆனால் மீனின் பெயரில் காரீப் தங்கி விட்டது. ஆற்றின் பெயரை மாற்றிய கைக்கு மீனின் பெயர் எட்டவில்லை!

ஆட்களின் பெயர் தாங்கிய மீன்கள்

மனிதர்களைச் சிறப்பிக்க வைத்த பெயர்களும் உண்டு. கறுப்பு நீரில் வாழும், விலாங்கு போல் நீண்ட கெலி லிம்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கிளாரியாஸ் நியூஹோஃபி. யோஹான் நியூஹோஃப் (1618-1672) என்ற டச்சுப் பயணி நினைவாக 1840-ல் வைத்த பெயர். அவர் சீனா வரை போனவர். கேரளத்துக் கொல்லத்தில் கம்பெனி அதிகாரியாகவும் இருந்தவர். 1672-ல் மடகாஸ்கர் தீவில் கரை இறங்கியவர் திரும்பவே இல்லை. ஆள் காணாமல் போனார். பெயர் மட்டும் நம் கறுப்பு நீர் ஓடைகளில் நீந்திக் கொண்டிருக்கிறது.

தாப்பா என்றால் பேராக்கில் ஓர் ஊர் என்று உங்களுக்குத் தெரியும். தாப்பா என்பது ஒரு பெரிய கெளுத்தியும் ஆகும். அதன் பெயரில் உள்ள லீரி என்ற சொல், சுமத்ராவில் மீன் சேகரித்துக் கொடுத்த வான் லீர் என்ற டச்சு மருத்துவரைக் குறிக்கும். 1851-ல் இந்தப் பெயரை வைத்தவர் பீட்டர் பிளீக்கர் (1819-1878). சிறு வயதில் மருந்துக் கடையில் தொழில் பழகி, பிறகு ராணுவ மருத்துவராகி, 1842 முதல் 1860 வரை இன்றைய இந்தோனேசியாவில் இருந்தவர். அங்குள்ள மீன் அங்காடிகளில் வாங்கியும், பிறர் சேகரித்துக் கொடுத்ததைக் கொண்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய மீன் வகைகளைப் பதிவு செய்தார். ஆராய்ச்சிக்கூடம் எங்கே இருந்தது பார்த்தீர்களா? பாசாரில்!

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சிலூரஸ் அரிஸ்டாட்டலிஸ். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) கிளானிஸ் என்ற கெளுத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் ஆண் மீன், முட்டைகளை விட்டு நகராமல் 40, 50 நாள் காவல் காக்கும் என்றார். மீனவர்கள் முட்டை ஒட்டியிருக்கும் வேர்களை ஆழத்திலிருந்து ஆழமற்ற இடத்துக்கு இழுத்து வந்தாலும், தகப்பன் மீன் பின்னாலேயே வரும் என்றும் எழுதினார். பின்னாளில் ஐரோப்பாவில் பலர் இதை நம்பவில்லை. அவர்கள் அறிந்த பெரிய கெளுத்தியின் அடையாளங்கள் இவர் சொன்னதோடு ஒத்துப் போகவில்லை. ஏறக்குறைய 2,200 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் பணியாற்றிய லூயி அகாசி என்ற அறிஞர், அந்நாட்டுக் கெளுத்திகள் குஞ்சுகளைக் காப்பதைப் பார்த்தார். அரிஸ்டாட்டில் சொன்னது மெய்யாக இருக்குமோ என்று ஐயம் பிறந்தது. கிரீஸ் நாட்டின் அகேலூஸ் ஆற்றிலிருந்து மீன்களை வரவழைத்தார். பார்த்தால், அது வேறொரு வகை! அரிஸ்டாட்டில் கண்டது இதையே என்று தெளிந்தது. 1890-ல் சாமுவேல் கார்மன் என்பவர் முறைப்படி அம்மீனுக்கு அரிஸ்டாட்டிலின் பெயரையே சூட்டினார்.

நிற்க. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரங்கம்பாடிப் பாதிரியார் ஜானைச் சிறப்பித்துப் பிளோக் ஒரு மீன் இனத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார். இங்கே கெலாமா என்று விற்கிறார்களே, அந்தக் கூட்டத்து மீன். பாதிரியாருக்குப் பெருமை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அந்த மீன்களைப் பிடித்து வந்து பாதிரியாரிடம் கொடுத்தவர்கள் யார்? கங்கையில் ஹாமில்டனுக்கு மாகுர் என்று சொல்லிக் கொடுத்தவன் யார்? அவர்களின் சொல் புத்தகத்தில் ஏறியது. அவர்களின் பெயர் ஏறவில்லை. கித்தா மரத்தைப் பற்றிய புத்தகங்களில், பால் வெட்டியவர்களின் பெயர் எத்தனை இருக்கிறது? அது போலத்தான் இதுவும்.

தவறும் திருத்தமும்

புத்தகப் பெயர் என்றால் அது தவறவே தவறாது என்று நினைத்து விடாதீர்கள். ஹாமில்டன் 1822-ல் மாகுர் என்று சரியாகவே எழுதினார். பின்னால் வந்த பண்டிதர்கள், 'மாகுரும் லின்னேயஸ் சொன்ன பத்ராக்கஸும் ஒன்றே' என்று சொல்லி மாகுர் என்ற பெயரை ஒதுக்கி விட்டார்கள். இந்தியா முதல் ஜாவா வரை எல்லாக் கெளுத்தியும் ஒரே மீன் என்று நூல்கள் எழுதின. 2008-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த இங் ஹியோக் ஹீ என்ற அறிஞரும், மௌரீஸ் கோட்டெலா என்ற சுவிஸ் நாட்டு அறிஞரும் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். பத்ராக்கஸ் என்ற பெயர் ஜாவா மீனுக்கே உரியது, இந்திய மீன் வேறு, அதற்கு மாகுர் என்ற பெயரே செல்லும் என்று எழுதினார்கள். வங்காள மக்களின் சொல் மீண்டும் தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

சரி, நம் தீபகற்பத்து அல்லூர்க் கெளுத்தி? அதைத்தான் நானும் ஆவலோடு தேடினேன். அந்த ஆராய்ச்சியில், நம் பக்கத்து மீன் ஜாவா மீனும் அல்ல, இந்திய மீனும் அல்ல என்று பிரித்து வைத்தார்கள். ஆனால் அதற்குப் புதுப்பெயர் சூட்டவில்லை. 'பத்ராக்கஸை ஒத்தது' என்று குறித்து நிறுத்தினார்கள்.

இதற்கு என்ன பொருள்? மைலோ டின்னுக்குள் இருந்த மீனுக்கு அந்தப் பெரிய ஆராய்ச்சியிலும் தனிப்பெயர் கொடுக்கப்படவில்லை! அன்றைக்கு அந்த மீனுக்கு முழுமையாக இருந்தவை, அதை நாள்தோறும் பார்ப்பவர்கள் வைத்த பெயர்கள்தாம். கெளுத்தி. கெலி.

மீன் தொட்டியில் வளர்க்கும் கண்ணாடிக் கெளுத்தியின் கதையும் இப்படியே. உடம்புக்குள் முள் தெரியும் அந்த மீனைப் பல்லாண்டுகள் உலகெங்கும் விற்றார்கள். வேறொரு மீனின் பெயரை ஒட்டி விற்றார்கள். 2013-ல் அதே இரு அறிஞர்கள் அது தனி வகை என்று கண்டு, கண்ணாடி என்று பொருள்படும் விட்ரியோலஸ் என்ற பெயரைக் கொடுத்தார்கள். கடைத் தொட்டியில் கண்ணெதிரே நீந்திய மீனுக்கே அந்த நிலை!

பையனுக்குச் சொன்ன பதில்

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நாள் மாலை அந்தப் பையனின் தகப்பனாரைக் கடைவாசலில் பார்த்தேன். செம்பனை வெட்டிவிட்டு வந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தார். கெளுத்தியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். முதலில் கூச்சப்பட்டார். "சாருக்குத் தெரியாததா நான் சொல்லப் போறேன்?" என்றார். விடாமல் கேட்டேன். அப்புறம் சொன்னார்:

"மழை தொடங்கினா கரையோரம் வளையில முட்டை போடும் சார். பொம்பள மீன் போயிடும். ஆண் மீனுதான் காவல். கைய விட்டா கடிக்க வரும், ஆனா ஓடாது. அந்த நேரத்துல நான் புடிக்கிறதில்ல. பாவம்."

நான் அப்படியே நின்று விட்டேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மீனவர்கள் அறிந்திருந்ததும், அரிஸ்டாட்டில் எழுதி வைத்ததும், பண்டிதர்கள் நம்ப மறுத்ததும் இந்தச் செய்தியைத்தானே! ஆறாம் வகுப்பு கூட முடிக்காத ஒரு மனிதர், கடைவாசலில் தேநீர் குவளையைக் கையில் வைத்துக் கொண்டு சொல்கிறார். அரிஸ்டாட்டிலுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? அவர் எழுதி வைத்தார். இவர் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் கெளுத்தி. இரண்டாம் வரியில், கிளாரியாஸ் இனம், பத்ராக்கஸை ஒத்தது. "எது சார் உண்மையான பேரு?" என்று பையன் கேட்டான். "ரெண்டும்தான்டா. முதல் பேரு உங்கப்பா மாதிரி ஆளுங்க சொல்றது. ரெண்டாவது பேரு உலகம் முழுக்க உள்ளவங்க புரிஞ்சுக்கிறதுக்கு. ஆனா ரெண்டாவது பேரு எழுதணும்னா, முதல்ல மீனைத் தெரிஞ்சவன்கிட்டதான் போய்க் கேக்கணும்" என்றேன். அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. ஆனால் அன்று மாலை, அப்பா சொன்ன செய்தியைத் தேதி போட்டு, தன் நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொண்டு வந்தான். எழுத்துப் பிழைகள் ஏழு. திருத்திக் கொடுத்தேன். செய்தியில் பிழை இல்லை.

பெற்றோர்களே! "எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவன்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். எந்த மழையில் எந்த மீன் ஏறும், எந்த இலை எந்தப் புண்ணுக்கு ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே! கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள், தேதியோடு எழுதுங்கள். பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கடைசிக் காரியத்தைத்தான் பெரிய பெரிய பண்டிதர்கள் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

இன்று மேடை ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள். உங்களில் ஒருவர் படித்து ஆளாகி, நம் அல்லூர்க் கெளுத்திக்குத் தனிப்பெயர் இல்லாமலே இருந்தால், அதைச் சூட்டும் நாளும் வரலாம். அப்படி வந்தால், என்ன பெயர் வைப்பது என்று அகராதியைப் புரட்டுவதற்கு முன், ஊருக்கு வந்து உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.